கறுவா யாருடைய நாய்

1931ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டையில் கொக்கோ வியாபாரம் செய்த தாஸிமின் ஸ்டோருக்குப் பின்னால் கட்டியிருந்த நாயைக் காணவில்லை. சங்கிலியும் சேர்ந்து போயிருந்தது. உள்ளேயிருந்த கொக்கோ மூட்டைகளையோ மிளகையோ யாரும் தொட்டிருக்கவில்லை.

வந்தவனுக்கு வேண்டியது நாய்தான். பட்டை உரித்துக் காயவைத்த கறுவாவின் நிறம், அகன்ற நெஞ்சு, மடிந்து விழும் காது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவில், சீமை நாய்க்குப் பிறந்தது. மிளகு ஏற்றிவந்த வண்டிக்காரன் ஒருவன் அதைக் குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனான். தோட்டப் பயிர்களின் விலை விழுந்து ஊரில் வேலையில்லாதவர் பெருகி, ஸ்டோர்களின் பூட்டுகள் உடைபட்டுக்கொண்டிருந்த காலம் என்பதால் தாஸிம் அதை வாங்கிக் கட்டினார். காவல் நாய்க்கு மார்க்கத்தில் தடையில்லை என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டும் வைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் "காவலுக்குத்தான்" என்று சொன்னார். ஒரு நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. அவர் வாயில் அது "நாய்"தான்.

கறுவா என்று பெயர் வைத்தவள் அவருடைய ஒரே மகள் அனீஸா. பெரியவளான பிறகு அவளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவே, மதில் சூழ்ந்த பின்வளவுதான் அவள் வெயிலைக் காணும் இடம். நாய்க்குச் சோறு வைப்பது அவள் வேலை. சிரட்டையில் சோற்றைக் கொட்டிவிட்டுத் தள்ளி நிற்கும்படி தாய் றம்லத் சொல்லியிருந்தாள். அனீஸா தள்ளி நிற்கவில்லை. நாய் முன்னங்கால்களைத் தூக்கி அவள் இடுப்பில் ஊன்றும், அவள் உள்ளங்கையை நீட்டுவாள், அது நக்கும். பிறகு அவள் கிணற்றடிக்குப் போவாள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். அவள் ஒரு தரமும் குறைத்ததில்லை. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்துச் செம்மண்ணில் அவள் விரலால் தோண்டித் தோண்டி ஒரு குழி விழுந்திருந்தது. வெட்டுக்கத்தி தீட்டப் போகும்போது தாஸிம் அந்தக் குழியைப் பார்ப்பார். அது என்ன குழி என்று அவருக்குத் தெரியும். றம்லத்துக்கும் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்த, யாரும் பேசாத விடயம் அது.

நாய் போன பிறகு அனீஸா அழுததை யாரும் காணவில்லை. சாப்பாடு குறைந்தது. சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஆகஸ்டில், சாக்கு வியாபாரி பெரியதம்பி ஸ்டோருக்கு வந்தபோது, கெலிஓயாவில் கம்பளை வீதியோரம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பொன்னையாவின் பின்கட்டில் அதே நாயைக் கண்டதாகச் சொன்னார். லொறி கிளீனர் ஒருவனிடம் பொன்னையா அதை வாங்கியதாக அங்கே பேச்சாம்.

தாஸிம் மறுநாளே பஸ் ஏறினார். பொன்னையா இந்தியாவிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பத்தவர், மரியாதை தெரிந்தவர். கதிரை போட்டுத் தேநீர் வரவழைத்தார். பின்கட்டிலிருந்து நாய் தாஸிமின் குரலைக் கேட்டுச் சங்கிலி அறுந்துவிடும்போல் இழுத்துக் குரைத்தது. குரைப்பு இடையிடையே சிணுங்கலாக மாறியது. எல்லாருக்கும் அது அப்படித்தான் குரைக்கும் என்றார் பொன்னையா.

"டைகரு என் நாயிங்க மொதலாளி. குட்டியிலேருந்து நான் வளக்குறேன். ஒங்களுதுன்னா ஆராச்சிகிட்ட சொல்லுங்க. நாலு பேரு மதிக்கிற மனுசன் ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க. நாய அவுத்து விடுவோம். அது யாருகிட்ட போவுதோ அவங்களுது."

ஆராச்சி என்பவர் அந்த ஊர்த் தலைவர், நடுவயதுச் சிங்களவர். சண்டையில்லாத சிறு வழக்குகளைப் பொலிஸுக்குப் போகவிடாமல் தன் வீட்டு முற்றத்திலேயே தீர்ப்பவர். தாஸிம் போய்ச் சொன்னதும், வருகிற வெள்ளிக்கிழமை காலை என்று அவர் நாள் குறித்தார்.

நாலு பேர் மதிக்கிற மனிதராகத் தாஸிமுக்கு நினைவில் வந்தவர் மடவளை லாபிர் ஹாஜியார். ஆராச்சியின் தோட்டத்துப் பாக்கை ஆண்டுதோறும் வாங்குபவர் அவர்தான். அவர் வார்த்தைக்கு அந்த முற்றத்தில் எடை இருக்கும். ஆனால் ஹாஜியாரின் இரண்டாவது மகன் றிஸ்விக்கு அனீஸாவைக் கேட்டு அப்போதுதான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நாய்க்காகச் சம்பந்தி ஆகப்போகிறவரை அலைக்கழிப்பதா என்று றம்லத் கேட்டாள். தாஸிமுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை. ஹாஜியார் கேட்டவுடன் வருவதாகச் சொன்னார். தொழில் விடயமாகத் தனக்கும் கெலிஓயாவில் வேலை இருக்கிறது, ஜும்மாவை அங்கேயே தொழுதுகொள்ளலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை தாஸிம் வெள்ளைச் சாரமும் கோட்டும் உடுத்து, துருக்கித் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அனீஸா கதவோரம் வந்து நின்றாள்.

"வாப்பா, கறுவாண்டு பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. நாயிண்டு கூப்பிட்டா அதுக்கு விளங்காது."

சரி என்றார்.

"கைய நீட்டுங்கோ. அது வந்து காலைத் தூக்கி வைக்கும், கைய நக்கும். அப்ப எல்லாருக்கும் விளங்கும். நீங்க கைய மட்டும் இழுத்துக்காதீங்கோ."

"சரி மகள்."

"வாப்பா, வந்து ஏழு தரம் கழுவிக்கலாம். நான் மண் எடுத்து வைக்கிறன்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் குழியைப் பற்றி அவள் பேசிய முதல் சொல் அது. பஸ்ஸில் ஹாஜியார் கொக்கோ விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். தாஸிம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இரவெல்லாம் மழை. ஆராச்சியின் முற்றம் சேறாகியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரத்தோடு வந்த சிலரும், பொன்னையாவின் வாடிக்கைக்காரர்களும், வேலைக்குப் போகாதவர்களுமாக ஒரு கூட்டம் வேலியோரம் நின்றது. ஹாஜியாருக்கு ஆராச்சி தன் பக்கத்தில் கதிரை போட்டார். தாஸிமை ஒரு பக்கமும் பொன்னையாவை எதிர்ப் பக்கமும் நிறுத்தினார்கள். பொன்னையாவின் மனைவி வடிவம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கணவனுக்குப் பின்னால் நின்றாள். ஆராச்சியின் வேலைக்காரன் நடுவில் நாயைப் பிடித்திருந்தான். அதன் உடம்பு நனைந்து, கால்களில் முழங்கால் வரை சேறு.

முதலில் அழைக்கும் உரிமையை ஆராச்சி தாஸிமுக்குக் கொடுத்தார்.

தாஸிம் தொண்டையைச் செருமினார். அந்தப் பெயரை அவர் அதுவரை சொன்னதில்லை. சந்தையில் ஒரு பொருளின் பெயரைச் சொல்வதுபோல், "கறுவா" என்றார்.

வேலைக்காரனின் கையிலிருந்து சங்கிலி பறந்தது. நாய் நேராகத் தாஸிமிடம் ஓடியது. வடிவம்மாவின் பக்கம் அது திரும்பக்கூட இல்லை. வாலோடு சேர்த்து இடுப்பு முழுவதும் ஆட, அவர் முன்னால் வந்து பின்னங்கால்களில் எழுந்தது. வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் கதிரையில் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சேறு அப்பிய இரண்டு கால்களும் வெள்ளைச் சாரத்தில் பதிய ஒரு விரல் தூரம் இருக்கையில், தாஸிமின் வலது கை கக்கத்தில் இடுக்கியிருந்த குடையைத் தூக்கியது. குடையின் பிடி நாயின் மூக்கில் விழுந்தது.

நாய் கத்திக்கொண்டு கீழே விழுந்து எழுந்தது. வயிறு தரையில் படப் பதுங்கி அவரைப் பார்த்தது. தாஸிம் இரண்டு அடி பின்னால் போனார்.

"பாத்தீங்களா சாமி," என்றார் பொன்னையா ஆராச்சியிடம். "கடிக்கப் பாஞ்சுச்சு. புது ஆளுன்னா அப்படித்தான் பாயும். சொந்த நாயக் கண்டு ஒதுங்குற மொதலாளிய நான் இப்பத்தான் பாக்குறேன்."

கூட்டம் சிரித்தது. வடிவம்மா முன்னால் வந்து சேற்றிலேயே குந்தி, நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். அது மூக்கை அவள் மடியில் வைத்துக்கொண்டது. அந்த ஒரு மாதமும் அதற்குச் சோறு வைத்தவள் அவள்தான்.

ஆராச்சி அவசரப்படவில்லை. நாய் முதலில் ஓடியது தாஸிமிடம் என்பதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அது எதற்காக ஓடியது என்பதுதான் தனக்குத் தெரியவேண்டும் என்றார். பிறகு தாஸிமைப் பார்த்துச் சிங்களத்தில் நேரடியாகக் கேட்டார்: அது உங்களைக் கடிக்க வந்ததா, இல்லையா?

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்படியானால் ஏன் அடித்தீர்கள் என்பது அடுத்த கேள்வியாக வரும். வீட்டில் அது யார் இடுப்பில் அப்படிக் காலை வைத்துப் பழகியது என்பது அதற்கும் அடுத்ததாக வரக்கூடும். தாஸிம் ஹாஜியாரை ஒரு தடவை பார்த்தார். ஹாஜியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது," என்றார் தாஸிம்.

தன்னுடைய நாய் தன்னைக் கடிக்க வந்ததா இல்லையா என்று தெரியாதவருக்கு அதைக் கொடுக்கத் தன்னால் முடியாது என்று ஆராச்சி சொன்னார். பொன்னையா சங்கிலியை எடுத்துக்கொண்டார்.

பள்ளிவாசலுக்கு நடக்கும்போது ஹாஜியார் தாஸிமை அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்:

"ஏன் நானா, நாய்க்கு அடிச்ச?"

தொழுகைக்கு உடுத்த உடுப்பு, நாய் நனைந்திருந்தது என்றார் தாஸிம்.

"அதுக்கென்ன? ஏழு தரம் கழுவினா முடியிற வேலை. பள்ளிக் கிணத்துல தண்ணி இல்லையா? சாரம் ஒண்டு நான் வாங்கித் தந்தீப்பேனே. எங்கட பாக்கு ஸ்டோர்லயும் ரெண்டு நாய் ஈக்கு. சின்னது என்னக் கண்டா தோள் வரைக்கும் ஏறும்."

ஜும்மா முடியும்வரை அவருடைய சாரத்தில் ஒரு துளி சேறும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கிணற்றுக் கட்டில் ஒரு சிரட்டை நிறையச் சலித்த செம்மண் வைக்கப்பட்டிருந்தது. அனீஸா வாசல் பக்கம் பார்த்தாள். சங்கிலிச் சத்தம் இல்லை.

"கைய நீட்டினீங்களா வாப்பா?"

"நீட்டின. அதுக்கு என்னத் தெரியல்ல மகள். அந்தப் பொம்பிளையிட்டப் போயிட்டுது."

"பேர் சொன்னீங்களா?"

"சொன்ன. திரும்பிப் பாக்கவும் இல்ல."

"மறந்திட்டுதா?" என்றாள்.

"நாய்தானே," என்றார் தாஸிம்.

அவள் மண்ணை எடுத்துப்போய்க் குழியில் கொட்டிக் காலால் மிதித்தாள். சிரட்டையை அடுப்பில் போட்டாள். ஒரு மாதத்தில் தன்னை மறந்துவிட்ட ஒன்றுக்காக இவ்வளவு நாள் சாப்பிடாமல் இருந்தது வெட்கமாக இருக்கிறது என்று தாயிடம் சொன்னாளாம். றம்லத் அதைக் கேட்டு ஆறுதலடைந்தாள். அனீஸா அன்றிரவே வயிறாரச் சாப்பிட்டாள்.

நவம்பரில் அனீஸாவை றிஸ்விக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். மடவளையில் மாமனார் வீட்டில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. லாபிர் ஹாஜியார் மருமகளை மகளென்றே அழைத்தார். நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரங்களில், அக்குறணையிலிருந்து வந்த வியாபாரிகளுக்கு அந்த வீட்டில் பகல் விருந்து நடந்தது. பெண்கள் திரைக்கு உட்புறம் சோறு பரிமாறிக் கொடுக்க, ஆண்கள் முன்கூடத்தில், பலர் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்தார்கள். பேச்சு மார்க்கப் பேணுதலின் பக்கம் திரும்பியது. யார் எதில் எவ்வளவு கவனம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள்.

"எங்கட சம்மந்திட பேணுதலுக்கு ஆராலயும் கிட்ட வரேலாது," என்று ஹாஜியார் தொடங்கினார். கெலிஓயா முற்றத்தை அவர் நன்றாகச் சொன்னார். தாஸிம் பெயரைக் கூப்பிட்ட விதத்தைக் குரலில் நடித்துக் காட்டினார். நாய் ஓடிவந்ததையும், பிள்ளை தகப்பனிடம் ஏறுவதுபோல் எழுந்து நின்றதையும், குடை விழுந்ததையும் சொன்னார். கடிக்க வந்ததா என்று ஆராச்சி கேட்டதற்குச் சம்பந்தி 'தெரியாது' என்று சொன்னதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவர்கள் சஹனிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை; சம்பந்தியை அவர் மெச்சித்தான் பேசினார்.

சிரிப்பு அடங்கும் முன் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. புது மருமகளின் குரல் முன்கூடத்துக்கு வருவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

"மாமா, அது முதல்ல ஆர்ட்டப் போன?"

ஹாஜியார் திரையைப் பார்த்தார்.

"உங்கட வாப்பாட்டத்தான் மகள். வேற ஆரையும் அது பாக்கவே இல்லயே."

சற்று நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வட்டிலாப்பம் என்ற இனிப்பு வந்தது.

நாய் கெலிஓயாவில் பொன்னையாவின் கடைக்குப் பின்னால் இருந்தது. ஏப்ரலில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மகளையும் மருமகனையும் அழைத்துப்போகத் தாஸிம் கார் பிடித்துக்கொண்டு மடவளைக்கு வந்தார். றிஸ்வி மட்டும் ஏறினான். அனீஸா வரவில்லை.