இருபத்து மூன்றாம் பக்கத்து சி

என் தம்பி வானிலை அலுவலகத்தில் கடலைக் கணினியில் ஓட்டுகிறவன். அந்தக் கடலின் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டா, ஒன்றே ஒன்றுதானா என்று நிறுவுகிறவள் நான். ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, கரை வரைக்கும் உண்டு என்று நிறுவினேன். ஆய்விதழும் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதை வைத்துத்தான் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் என் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை கூட்டம்.

செவ்வாய் மத்தியானம் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, ஆரம்பத்துல சின்னப் பிழை இருந்தா அது சி மடங்குக்கு மேல பெருகாதுன்னு எழுதியிருக்கியே, அந்த சி எவ்வளவு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுடா. ஏதோ ஒரு எண், அவ்வளவுதான்."

"கணக்குக்காரிகிட்ட எண் கேட்டா குத்தமா? புயல் நேரத்துல கரையில தண்ணி எவ்வளவு ஏறும்னு பாக்க வேணும்."

சுள்ளென்று கோபம் வந்தது. எங்கள் தொழிலில் வருகிற மாறிலிக்கெல்லாம் சி என்றுதான் பேர். வரிக்கு வரி அதன் மதிப்பு மாறும், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இதை அவனுக்கு விளக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஒரு எண்ணைக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஆழத்தால் வகுத்திருக்கிறேன். வகுத்ததைச் சத்தமில்லாமல் சி-க்குள் போட்டு மூடியும் இருக்கிறேன். கரையிலோ ஆழம் பூஜ்யம். அங்கே சி முடிவிலி. நடுக்கடலுக்கு நிரூபணம் நிற்கும், கரைக்கு ஒன்றுமே இல்லை. அடிப்பாவி, ஐந்து வருடமாக என் கண் எங்கே போயிருந்தது!

துறைத் தலைவரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"நடுவர் ரெண்டு பேரும் சரின்னுட்டாங்கம்மா. வியாழக்கிழமை முடியட்டும், அப்புறம் மெதுவா திருத்தம் அனுப்பு. இருபத்து மூணாம் பக்கம் வரைக்கும் எவன் படிக்கப் போறான்?"

அவர் கெட்டவர் இல்லை, அக்கறையில்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"என் தம்பி படிக்கிறான் சார்," என்றேன்.

அறைக்கு வந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதி அனுப்பினேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப உன் வேலை?"

"போச்சு."

"நான் கேட்டிருக்கவே கூடாதுக்கா."

"ஆமாண்டா சனியனே. என் கட்டுரையை நம்பிக் கரைக்குக் கணக்கு எதுவும் போடலைன்னு முதல்ல சொல்லு," என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"போடலைக்கா," என்றான்.