ஐம்பத்து நான்கு படிகள்

வீட்டை வாங்குகிறேன் என்ற கண்ணாடிக்காரர் மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. டெய்லரக்கா தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். வலது கையை இடப்பக்கம் வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் அதே இடப்பக்கத்திலேயே வைத்துத் தைத்தாள். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு கூத்து நடந்ததே இல்லை.

“அண்ணி, அந்தச் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு? அதை விடுங்க,” என்றாள் நாத்தனார். வீடு விற்கிறவரை கூடமாட இருக்கிறேன் என்று வந்தவள் அவள்.

“அவர் வரமாட்டார். வேற எங்கயோ பார்த்துட்டார். எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“பார்த்தா சொல்லமாட்டாரா?”

“வேணாம்ங்கிறவன் எவன் போன் பண்ணிச் சொல்றான்? எடுக்காம விட்டா முடிஞ்சுது.”

இரண்டு தடவை வந்து பார்த்தவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வியாழக்கிழமை பத்திரம் பதிந்துவிடலாம் என்று வாயால் சொன்னவர். இன்றைக்குச் செவ்வாய். இந்த மூன்றாவது மாடி கை மாறினால்தான் இரண்டு தெரு தள்ளி இருக்கிற கீழ்வீடு அவர்களுக்கு. சின்ன வீடுதான். ஆனால் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு படிகூடக் கிடையாது. அந்த வீட்டின் சொந்தக்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பொறுப்பேன், அதற்குமேல் வேறு ஆள் காத்திருக்கிறார் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளுடைய வீட்டுக்காரர் தபால்காரராக இருந்தவர். ஊரில் அவர் கால் படாத சந்து இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஐம்பத்து நாலு படி ஏறினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் கட்டில் சுவரில் இடித்தது. எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கே சொல்லிவிட்டார், இனிமேல் எவனும் என்னைத் தூக்கக் கூடாது, இறங்கினால் என் காலால் இறங்குவேன் என்று. மனுஷனுக்கு அப்படி ஒரு ரோஷம். கால்தான் வரவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில், அவ்வளவுதான் அவருடைய ஊர்.

அவரை மறைத்துவைக்கச் சொன்னது புரோக்கர். “படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சா, ராசியில்லாத வீடுன்னு ஓடிடுவாங்க” என்று காதில் ஓதினார். கண்ணாடிக்காரர் வந்த இரண்டு தடவையும் அவரைப் பின்னறையில் படுக்கவைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, துணி மூட்டை என்று அக்கா கூசாமல் சொன்னாள். படி எப்படி என்று கேட்டதற்கு, “ஏறுறதே தெரியாது, நான் ஒரு நாளைக்குப் பத்து வாட்டி ஏறி இறங்குறேன்” என்று அடித்துவிட்டாள். நிஜத்தில் அவள் தைத்த துணியையே ஜன்னல் வழியாகக் கூடையில் கட்டித்தான் இறக்குகிறவள். கீழே நிற்கிற வாடிக்கைக்காரிகள் அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டார்கள்.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது. அக்கா சட்டையைக் கீழே போட்டுவிட்டு எடுத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க அக்கா, வெளியூர் போயிருந்தேன். இன்னும் அரை மணியில வரேன். அம்மாவும் வராங்க. எங்களோட இருக்கப்போறது அவங்கதானே, அவங்க சரின்னு சொல்லிட்டா வியாழக்கிழமை பதிஞ்சிடலாம்.”

“வாங்க, வாங்க, தாராளமா வாங்க!” என்றாள். போனை வைத்த பிறகுதான் ‘அம்மா’ என்ற வார்த்தை அவள் மண்டையில் ஏறியது. வயசு என்ன இருக்கும்? நடப்பார்களா? ஐயோ, படி!

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாத்தனாரும் அவளுமாகத் தபால்காரரைப் பின்னறைக்கு நகர்த்தினார்கள்.

“மறுபடியும் மூட்டையா?” என்றார் அவர். வாய் லேசாகக் கோணினாலும் கிண்டல் மட்டும் கோணவில்லை.

“இன்னைக்கு ஒரு நாள்தாங்க. இது முடிஞ்சா அடுத்த வாரம் நீங்க வாசல்ல உட்காரலாம். தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க.”

“மூட்டை என்னைக்குச் சத்தம் போட்டுச்சு? தாழ்ப்பாள் போடு.”

அவர்கள் வந்தது கண்ணுக்குத் தெரியும் முன்னால் காதில் கேட்டது. செருப்புச் சத்தம் நாலு, பிறகு நிசப்தம். மறுபடி மூன்று. பிறகு ஒரு நீளமான இழுப்பு மூச்சு. “அம்மா, கொஞ்சம் நின்னு போலாம்.” “நீ போடா, வரேன்.” அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு படியையும் தானே ஏறுவதுபோல ஏறினாள். இந்தப் படி, அடுத்த படி, திரும்பிப் போய்விடாதீர்கள் தாயே என்று மனசுக்குள் கெஞ்சினாள். பாவம் வயசானவளாச்சே என்ற நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்ததைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

அந்த அம்மா உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். முகம் வெளுத்திருந்தாலும் சிரிப்பு பளிச்சென்று இருந்தது.

“நல்ல காத்து வருதே! வெளிச்சம் பாருடா, பகல்ல லைட்டே போடவேணாம் போலிருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு.”

அக்காவுக்குக் காலிலே விழுந்து கும்பிடலாம்போல இருந்தது.

“படிதான் கொஞ்சம்...” என்றார் கண்ணாடிக்காரர்.

“பழகிடும்டா. இவங்க தினம் பத்து வாட்டி ஏறலையா? ஏம்மா?”

“ஆமாம்மா,” என்றாள் அக்கா. “ரெண்டே நாள்ல பழகிடும்.”

பின்னறைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது.

நாத்தனார் அவசரமாகத் தானே இருமிப் பார்த்தாள். அந்த அம்மா கதவைப் பார்த்தார்.

“துணி மூட்டைன்னு சொன்னியேடா? மூட்டைக்குச் சளி பிடிச்சிருக்கு போல.”

“எங்க... எங்க வீட்டுக்காரர்மா. காய்ச்சல். ரெண்டு நாளாத்தான். நாளைக்குச் சரியாயிடும்,” என்று அக்கா மென்று முழுங்கினாள்.

“காய்ச்சல் இல்லம்மா!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “கதவைத் திறக்கச் சொல்லுங்க.”

கண்ணாடிக்காரரே தாழ்ப்பாளை நீக்கினார். தபால்காரர் கட்டிலில் வலது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, நீங்க ஏறி வந்தது எனக்கு இங்க கேட்டுச்சு. அஞ்சு எடத்துல நின்னீங்க. நான் ஒன்பது மாசமா இறங்கல. என் பெண்டாட்டி கெட்டவ இல்ல, எனக்காகத்தான் பொய் சொல்றா. ஆனா இந்த வீட்டை வாங்காதீங்க. ஒரு நாள் முழங்கால் வீங்கினாப் போதும், நீங்களும் இந்த ஜன்னலோட நின்னுடுவீங்க.”

“ஏங்க!” என்று அக்கா கத்தினாள். “உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? யாருக்காக நான் நாயா அலையறேன்? வாயை மூடிட்டு அரை மணி இருக்க முடியலையா உங்களால!” கத்திக்கொண்டே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமை போயிற்று. கீழ்வீடு போயிற்று.

கண்ணாடிக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா வேண்டாம் என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினார். “மன்னிச்சுக்கோங்க அக்கா,” என்றார் மகன். வேறு என்ன சொல்லமுடியும்?

“தம்பி,” என்றார் தபால்காரர். “நீங்க வாட்டசாட்டமா இருக்கீங்க. எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? என்னைக் கீழ இறக்கிவிடுங்க.”

நாத்தனார் வாயைப் பிளந்தாள். யாரும் தூக்கக் கூடாது என்று சபதம் போட்டவராயிற்றே!

கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு குனிந்து முதுகைக் காட்டினார். வீடு வேண்டாம் என்றுவிட்டோம், இதையாவது செய்வோம் என்று தோன்றியிருக்கும். நாத்தனார் பின்னால் தாங்கிப் பிடித்தாள். அந்த அம்மாவும் கொஞ்சம் பொறுத்து மெல்லக் கிளம்பினார். படியில் அவர்கள் இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அக்கா எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் வெயிலில் இருந்துவிட்டு வரட்டும், வந்ததும் இருக்கிறது இவருக்கு, என்று பொருமிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தெருவிலிருந்து அவர் கூப்பிட்டார். அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள். எதிர்க்கடை வாசலில் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கையால் முட்டியைப் பிடித்திருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது, சிரிக்கவும் செய்தார்.

“நான் மேல வரல!” என்று கத்தினார்.

“என்னது?”

“வரல! செத்தாலும் அந்தப் படி ஏறமாட்டேன்!”

“அப்ப எங்க படுப்பீங்க? வீடு வித்தாத்தானே வீடு? எங்கங்க போறது?”

“எங்க வேணாலும் படுக்கறேன். மேல மட்டும் வேணாம்டி. என்னை மேல ஏத்தாதே.”

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அக்கா ஜன்னலை விட்டு உள்ளே வந்தாள். தலையணையை எடுத்தாள். போர்வை, மாத்திரை டப்பா, அவருடைய துண்டு. சாயங்காலம் எங்கே போவது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, ஒன்றும் தெரியாது. கதவைப் பூட்டினாள்.

அந்த அம்மா அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து. குறுகலான படி, தாண்டிப் போக வழியில்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா பின்னாலேயே இறங்கினாள்.

“நான் நின்னுக்கறேன், நீ முன்னாடி போம்மா,” என்றார் அவர், மூச்சு வாங்க.

“பரவாயில்லம்மா. மெதுவா இறங்குங்க,” என்று சொல்லிவிட்டு, ஒரு கையை விடுவித்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.