லாமை வெட்டச் சொன்னார்கள்

1

இந்தக் கதை ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. திராட்சைத் தோலில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி வாரப் பத்திரிகை ஒரு கதை கேட்டது. 'பக்கவாதத்திலிருந்து மூளையைக் காக்கலாம்' என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் கூப்பிட்டார்.

"என்ன சார், லாம் கீம்னு இழுக்குறீங்க? 'காக்கும்'னு அடிச்சுப் போடுங்க. லாமை எவன் படிப்பான்?"

(வெட்ட மாட்டேன். ஏன் என்பதுதான் கதை.)

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்த விஞ்ஞானி...

இல்லை. மழையும் வேண்டாம், விஞ்ஞானியும் வேண்டாம். வீட்டில் அவளுக்குப் பெயர் எலிக்காரி. ஆய்வுக்கூடத்தில் எலியின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துத் திறப்பது அவள் வேலை. அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும்போது, உயிர் கொடுக்க வேண்டிய ஆக்சிஜனே வெறிபிடித்துச் செல்களைக் குதறும். திராட்சைத் தோலிலிருந்து பிரித்த மருந்தை ஊசியில் ஏற்றினால் அந்தச் சேதம் சுருங்கியது.

எலிகளுக்கு.

3

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் வாய் கோணிச் சரிந்தான். மருத்துவர்கள் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் வலக்கை எழவில்லை, பேச்சு வரவில்லை. வார்டு வாசலில் அண்ணி மறித்துக்கொண்டாள்.

"உன் மருந்தைக் கொண்டாந்து குடு."

"அது எலிக்கு, அண்ணி. மனுஷங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கல."

"வேலை செய்யுமா, செய்யாதா?"

"செய்யலாம்."

"செய்யலாம்னு நீயே சொல்ற. அப்ப செய்யேன்."

எலிக்காரி தோள்பையை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவள் சொன்ன லாம், 'ஒருவேளை'. அண்ணி காதில் விழுந்த லாம், 'அனுமதி'. (நம் மொழியில் இப்படியொரு வம்பு.)

"உன் அண்ணன் எலியா பொறந்திருந்தா இந்நேரம் பொழச்சிருப்பாரு" என்றாள் அண்ணி.

"அடைப்பெடுத்த எடத்துல ரத்தம் கசிஞ்சா? என் கையாலயே..."

அவள் பைக்குள் மருந்துக் குப்பி இருந்தது. (ஆமாம், கொண்டுவந்திருந்தாள். அவளை அவ்வளவு நல்லவளாக்க எனக்கு மனமில்லை.)

4

முடிவு ஒன்று: ஊசி போடுகிறாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "என் கண்ணாடி எங்க?" என்கிறான். ஆசிரியர் குளிர்ந்துவிடுவார். அடுத்த வாரமே யாரோ ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் திராட்சைத் தோலை மென்றுகொண்டிருப்பார். எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: ஊசி போடுகிறாள். அண்ணன் இற...

இதையும் எழுத மாட்டேன். பயமுறுத்திப் பாடம் நடத்த நான் வாத்தியார் இல்லை.

5

எழுதுவது இதைத்தான். எலிக்காரி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கட்டிலருகே போய் அண்ணனின் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எலிக்காரி வந்திருக்கேன்."

அவன் உதடு துடித்தது. சொல்லின் முன்பாதி எங்கோ சிக்கிக்கொள்ள, பின்பாதி மட்டும் வெளியே வந்து விழுந்தது.

"...லாம்."

"பாத்தியா, குடுக்கலாங்கறாரு" என்றாள் அண்ணி.

"இல்ல, வீட்டுக்குப் போகலாங்கறாரு."

இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்பாதியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட மாட்டேன்.

ஆசிரியரே, அந்த மனிதனிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு லாம்தான். இப்போது வெட்டுங்கள், பார்க்கலாம்.