கான்டெசாவின் பின்சீட்டு

அந்த கான்டெசா காரை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியே கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்தால் எலி குடும்பம் நடத்திய நாற்றம் குப்பென்று அடித்தது. சீட்டெல்லாம் கிழிந்து தேங்காய் நார் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்குகள் துருவேறி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கூரையின் உள்துணி காற்றில் அவிழ்ந்த பந்தல் மாதிரி தொங்கியது.

வண்டிக்குச் சொந்தக்காரர் சிவப்பிரகாசம். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். யாரிடமோ மலிவாக வாங்கி, என்ஜினையும் பெயின்டையும் வெளியூரில் முடித்துவிட்டு, உள்வேலைக்கு மட்டும் என்னைத் தேடி நெய்வேலிப் பக்கம் மந்தாரக்குப்பம் வந்திருந்தார். புதுசில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டுமாம். அந்த வண்டி வருவதே நின்றுபோய் எத்தனை வருஷம்! நான் பஸ் சீட்டும் ஷேர் ஆட்டோ சீட்டும் தைக்கிறவன். அந்தக் காலத்துத் துணிக்கு நான் எங்கே போவேன்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பின்சீட்டின் அகலத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கூலி வேண்டாம் சார், மே மாதக் கடைசி நாள் சாயங்காலம் மட்டும் வண்டியை எனக்கு விடுங்கள் என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் சரி என்றார்.

காரணம் என் அண்ணன் சிங்காரவேல்.

நெய்வேலியில் மாதக் கடைசி நாள் சாயங்காலம் ரோடெல்லாம் மேளச் சத்தமாக இருக்கும். சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் வேலை பார்க்கிற பர்மனென்ட் ஆட்கள் ரிட்டயர் ஆகிற நாள் அது. கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, பூ கட்டிய காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, முன்னால் மேளத்தோடு குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் பெண்டாட்டி ஆரத்தி எடுப்பாள். அதைச் செய்யாவிட்டால் அந்த மனிதர் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை என்பதுபோல எல்லாரும் செய்வார்கள்.

அண்ணன் அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் இடத்தில் காண்ட்ராக்ட். கல்யாணமான வருஷம் உள்ளே போனவர். காண்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அண்ணன் அங்கேயே இருந்தார். அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆகிவிடும், அடுத்த வருஷம் ஆகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. மாதக் கடைசியில் அந்தக் கார்கள் வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கி, ஓரமாக நின்று வழிவிடுவார். ஒரு தடவை நானும் பக்கத்தில் நின்றேன்.

"பாரு வேணு, எப்டி சாஞ்சிகினு போறாருன்னு" என்றார். பொறாமையாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த மே மாதத்தில் அவருக்கு அறுபது முடிகிறது. மாலை போட யாரும் வரப்போவதில்லை. வராவிட்டால் போகட்டும், நான் கூட்டிக்கொண்டு போவேன், சாய்ந்து உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவேன் என்று முடிவு பண்ணிவிட்டேன். அண்ணி கனகத்திடம் மட்டும் சொன்னேன். அவர் சும்மா இருப்பாரா? அண்ணனுக்குத் தெரியாமல் நெல்லிக்குப்பத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லிவிட்டார்.

வேலை என் உயிரை எடுத்தது. முதலில் மெரூன் ரெக்சின் என்றார் சிவப்பிரகாசம். வாங்கி வெட்டி முடித்த பிறகு போன் பண்ணி, இல்லை, க்ரீம்தான் என்றார். சாம்பல் பறக்கிற ஊரில் க்ரீம்! தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் வாங்கினேன். கதவுப் பலகைகள் கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தன. அட்டையில் அச்சு எடுத்துப் புதுசாக வெட்டினேன். எல்லாவற்றையும்விட அந்தக் கூரைத் துணிதான் என்னைப் பைத்தியமாக்கியது. கத்தரி வெயிலில் சொல்யூஷன் தடவிய கை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். காற்று கொஞ்சம் திரும்பினால் சாம்பல் வந்து பசைமேல் படியும். அப்புறம் எங்கே ஒட்டும்? பின்சீட்டுக்கு நேர் மேலே ஒரு முழம் துணி, ஒட்ட ஒட்டப் பிரிந்து தொங்கியது. சனியனே என்று அதைத் திட்டாத நாளில்லை. இருந்தாலும் முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடித்துவிடுவேன் என்ற தைரியம் இருந்தது.

இருபதாம் தேதி மத்தியானம். பின்சீட்டைக் கழற்றித் தரையில் போட்டு ஸ்பிரிங்குக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அண்ணன். உடம்பெல்லாம் சாம்பல், ஹேண்டில்பாரில் டிபன் கேரியர். ஷிப்டு முடியும் நேரமில்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன்.

வேலை முடிந்துவிட்டது என்றார். எனக்குப் புரியவில்லை. இன்றைக்கு கேட் பாஸ் புதுப்பிக்கிற நாளாம். அறுபது ஆகப்போகிறவருக்குப் பத்து நாளைக்கு எதற்குப் புதுப் பாஸ் என்று விட்டுவிட்டார்களாம். பழைய பாஸை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்குச் சூடு தலைக்கு ஏறிவிட்டது. மாதக் கடைசி என்பது பர்மனென்ட் ஆளுக்குத்தான், காண்ட்ராக்ட்டுக்குப் பாஸ் என்றைக்கு முடிகிறதோ அன்றைக்குத்தான் கடைசி. இவ்வளவு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. அண்ணிக்கும் தோன்றவில்லை. ஊரே முப்பத்தொன்று என்று சொன்னால் நமக்கும் முப்பத்தொன்றுதான் என்று நினைத்துவிட்டோம். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவர்மேலேயே காட்டினேன்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா உனக்கு? உனக்கோசரம்தான் ஒரு மாசமா இதுங்கூட மாரடிச்சிகினு கெடக்கறேன்!"

"எனக்கே காலைலதாண்டா சொன்னாங்க."

அப்போதுதான் அந்தக் கார் எதற்கு என்று அவருக்குத் தெரிந்தது. சீட்டே இல்லாத வண்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தைத்து வைத்திருந்த க்ரீம் ரெக்சினை ஒரு விரலால் தொட்டார். விரல் பட்ட இடத்தில் சாம்பல் கறை. உடனே துண்டால் துடைத்தார், துடைக்கத் துடைக்கக் கறை பரவியது. விடு, விடு என்று கத்தினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் எனக்கு ஊசியைத் தொடவே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டவரை எங்கிருந்து எங்கே கூட்டிக்கொண்டு வருவது? சாயங்காலம் அண்ணி கடைக்கே வந்துவிட்டார்.

"சொந்தக்காரங்க அத்தினி பேரும் வராங்க. முப்பத்தொண்ணாந் தேதி நான் ஆலாத்தி கரைச்சி வெக்கத்தான் போறேன். எங்கனா போய் சுத்திகினு, ரெண்டு பேரும் கார்ல வந்து எறங்குங்க" என்றார்.

முடித்தேன். எப்படி முடித்தேன் என்று கேட்காதீர்கள். கூரைத் துணி மட்டும் கடைசிவரை அடங்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார், அண்ணியின் உத்தரவு. நான் வாங்கிய மாலையைக் கழுத்தில் போட விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். சீட்டின் நுனியில் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். நான் அனல்மின் நிலைய கேட் பக்கத்து ரோட்டுக்கு ஓட்டினேன். பூ கட்டிய கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு இடைவெளி பார்த்து வண்டியை உள்ளே நுழைத்தேன்.

"சாஞ்சி ஒக்காருணா" என்றேன். இருக்கட்டும் என்றார். நாலு தடவை சொன்னேன், நாலு தடவையும் இருக்கட்டும். ஸ்பிரிங்கு ஸ்பிரிங்காகக் கம்பி கட்டியது இவர் நுனியில் உட்காரவா என்று பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுக்கு முன்னால் போன காரின் மேளக்காரர்களில் ஒருவர் மைக்கோடு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். வரிசையில் வரும் எல்லாருடைய பேரையும் சொல்லி வாழ்த்துகிறாராம். சார் எந்த டிவிஷன், பேர் என்ன என்று கேட்டார். அண்ணன் வெறும் பேரை மட்டும் சொல்லியிருக்கலாம்.

"பேரு சிங்காரவேலு. நான் காண்ட்ராக்ட்டுப்பா. இருவதாந் தேதியே பாஸு முடிஞ்சிபோச்சி. இது என் தம்பி தெச்ச சீட்டு, அதான் ஒக்காந்துகினு போறேன்."

நான் ஸ்டீரிங்கில் குத்தினேன். மேளக்காரர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மைக்கை இறக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அது இன்னொருவருக்குக் காசு கொடுத்துப் பேசிய மேளம்.

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் கீழே விரித்திருந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, முதுகு முழுக்கப் பட, சாய்ந்து உட்கார்ந்தார். பிரிந்து தொங்கிய துணி அவர் தலையில் உரசியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. தண்ணீர் வேறு கண்ணை மறைத்தது. மேளம் இல்லாவிட்டால் என்ன என்று ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன், வீட்டு வாசலில் அண்ணி தட்டோடு நிற்பது தெரிகிற வரைக்கும் எடுக்கவில்லை.