பதினொரு இசுமிகளும் ஒரு தொட்டி நீரும்

மினெகிஷி தகுஜி நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு ஊற்றடிக்குப் போவார். மழை பெய்தாலும் போவார். முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடந்தாலும் போவார். கல் விளிம்பில் படிந்த பாசியை நார்க்கட்டையால் தேய்த்துக் கழுவுவார். நீரில் மிதக்கும் ஊசியிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து எறிவார். பிறகு மூங்கில் அகப்பையில் முதல் நீரை மொண்டு நிலத்துக்கு வார்ப்பார். இரண்டாவது அகப்பையைத் தாம் குடிப்பார். பதினான்கு வீடுகள் கொண்ட அந்த மலையூர், ஊற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஊற்று நின்றுபோனது. ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு வாரம் கண்ணீர்போலக் கசிந்தது. பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் தகுஜி போய்க்கொண்டுதான் இருந்தார். பாசியே இல்லாத காய்ந்த கல்லைத் தேய்த்துவிட்டு, அகப்பையைத் தொடாமல் திரும்பி வருவார். வழியில் எதிர்ப்படுபவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

வேறோர் ஊராக இருந்தால் இது வருத்தத்தோடு போயிருக்கும். அந்த ஊரின் பெயரோ இசுமி. ஜப்பானிய மொழியில் இசுமி என்றால் ஊற்று.

அந்தப் பெயர் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணுக்கும் இசுமி என்று பெயர் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு, படகுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், நூடுல்ஸ் கடைக்கும் உண்டு. ஊர்களோ வடக்கிலும் தெற்கிலும் எத்தனையோ. அவற்றுள் சிறியவையாகப் பதினோர் ஊர்கள் சேர்ந்து, ஆண்டுதோறும் அக்டோபரில் ஏதாவது ஓர் இசுமியில் கூடுவார்கள். ஊருக்கு ஒருவர், கையில் ஒரு பாட்டில் நீர். பொழுது விடியும்போது தம் ஊரில் தாமே பிடித்த நீராக இருக்கவேண்டும். அதை மரத்தொட்டியில் ஊற்றி, "இது எங்கள் இசுமியின் நீர்" என்று சொல்லவேண்டும். கலந்த நீரில் தேநீர் போட்டு எல்லோரும் அருந்துவார்கள். மீந்ததை ஊருக்கு ஒரு பாட்டிலாகப் பகிர்ந்து எடுத்துப்போய், அவரவர் வயலிலோ வாய்க்காலிலோ சேர்ப்பார்கள்.

வந்தவர் எல்லோரும் இசுமிக்காரர்கள் ஆகையால் ஊரைச் சொல்லி அழைத்து யாதொரு பயனும் இல்லை. எனவே தகுஜி அங்கே 'மலையார்'. பழத்தோட்டத்து இசுமியிலிருந்து வருபவர் 'ஆப்பிள்காரர்'. இன்னொருவருடைய ஊர் அணைக்குள் மூழ்கி, ரயில் நிலையத்துக்கு மட்டும் பெயர் எஞ்சியிருந்தது, அவர் 'ஸ்டேஷன்காரர்'. நூறாண்டுகளுக்கு முன் வேறோர் இசுமியிலிருந்து பிழைக்கப் போனவர்கள் வடக்கே காட்டைத் திருத்தி, விட்டுவந்த பெயரையே அங்கும் வைத்துக்கொண்டார்கள்; அவ்வூரின் தொகுரா 'பனியார்'. மலையூர்தான் எல்லாவற்றிலும் பழையது என்பது பொது நம்பிக்கை. அதனால் முதல் நீர் ஊற்றும் உரிமை தகுஜிக்கு.

சென்ற ஆண்டு முதன்முறையாக ஒரு பெண் வந்திருந்தார். நமிகாவா கினுயோ, கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். மேற்குக் கடற்கரைத் துறைமுகம் ஒன்றில், மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் முப்பது வீடுகள் உள்ள ஒரு தெரு அவருடைய இசுமி. பழைய காலத்தில் இசுமி என்ற கப்பலின் மாலுமிகள் குடியேறியதால் வந்த பெயர். அங்கே ஊற்று என்றைக்குமே இருந்ததில்லை. கினுயோ அதை மறைக்கவில்லை. "எங்ககிட்ட இருக்கிறது குழாய்த் தண்ணிதாங்க. ஆனா விடியும்போது பிடிச்சது" என்று சொல்லித் தொட்டியருகே வந்தார்.

அப்போது தகுஜி பேசியது இது:

"துறைமுகத்தம்மா, குழாயைத் திறந்தா ஜப்பான் முழுக்க இசுமிதான்! இந்தத் தொட்டியில ஊத்துத் தண்ணி மட்டும் போகட்டும். உங்க பாட்டில் அந்த ஓரமா இருக்கட்டும், சாப்பிட்டுக் கை கழுவ ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். கினுயோவும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். பாட்டில் ஓரத்தில் வைக்கப்பட்டது.

இந்த ஆண்டு கூட்டம் பனியாரின் ஊரில். புறப்படும் நாள் விடியலில் தகுஜி சமையலறைக் குழாயின் கீழ்ப் பாட்டிலைப் பிடித்தபோது, மனைவி ஃபுசாயே பின்னால் வந்து நின்றார்.

"இதையா கொண்டு போறீங்க?"

"பின்னே? பத்து ஊரு முன்னாடி வெறும் பாட்டிலோட போய் நிக்கச் சொல்றியா?"

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே. மூடியை இறுக்கி மூடுங்க, பைக்குள்ள ஒழுகிடப் போகுது."

ரயிலில் அந்தப் பை மடியில் இருந்த ஏழு மணி நேரமும், பிறர் குழந்தையைத் தூக்கிவந்தவர்போல அவருக்குக் கை கூசிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் அவர்தான். ஊற்றினார். "இது எங்கள் இசுமியின் நீர்" என்றார். குரல் தடுமாறவில்லை, அதுவே அவருக்கு அச்சமூட்டியது. தேநீருக்கு முன்பே ஆப்பிள்காரர் ஓர் அகப்பை மொண்டு குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"அடடா மலையாரே! என்னதான் கலந்தாலும் உங்க தண்ணி தனியா தெரியுதுய்யா. வருஷா வருஷம் இனிப்பு ஏறிக்கிட்டே போகுதே, மலையில சர்க்கரை ஏதும் புதைச்சு வச்சிருக்கீங்களா?"

தகுஜி தலையை மட்டும் அசைத்தார். காது மடல்கள் சுட்டன.

உணவுக்கு அமர்ந்தபோது பனியார் ஒரு கடிதத்தைப் பிரித்தார். "துறைமுகத்தம்மா இந்தத் தடவை வரல. கடிதாசியும் ஒரு பெட்டியும் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் படித்தார்.

"எங்கள் இசுமியில் ஊற்று இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் நாங்களும் சேரலாம் என்று எண்ணியது என் அறியாமை. தூய நீரில் குழாய் நீரைக் கலக்க முயன்று, கடந்த ஆண்டு உங்களுக்குச் சங்கடம் விளைவித்தேன். அதற்கு என்னை மன்னித்தருள வேண்டும். விருந்துக்கு எங்கள் கருவாடு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்."

சுட்ட கருவாடு எல்லோர் தட்டிலும் இருந்தது. தகுஜி ஒரு துண்டை வாயில் போட்டார். அது இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டவர் யார்? கேட்க வைத்தவன் யார்? தேநீருக்கு நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் பத்து ஊர்க்காரர்களும் தம் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் என்றைக்கும் தெரியப்போவதில்லை.

கடைசியில் எதையோ சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"எங்க ஊத்து ஜூன்லயே வத்திப்போச்சு. நான் ஊத்தினது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி."

ஒருவர் கையிலும் உணவுக்குச்சி அசையவில்லை. ஆப்பிள்காரர் முகம் சிவந்து, தம் தட்டைப் பார்த்தார்.

"நான் வேற இனிப்புன்னு சொல்லித் தொலைச்சேனே" என்று முணுமுணுத்தார்.

"தொட்டியைக் கவுத்துடலாமா?" என்றார் ஒருவர்.

ஸ்டேஷன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு? எனக்கு ஊரே கிடையாது! டிக்கெட் மெஷினும் ஒரு பெஞ்சும்தான் இருக்கு. பிளாட்பாரத்துக்குப் பின்னாடி ஓடுற ஓடையில பிடிச்சுக்கிட்டு வர்றேன். என்னையும் கவுத்துடுங்களேன்!"

தகுஜி தரையில் நெற்றி படக் குனிந்தார். பனியார் கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

"எழுந்திருங்க மலையாரே. எங்ககிட்ட குனிஞ்சு என்ன ஆகப்போகுது? தப்பே பண்ணாதவங்க மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காங்க. உறையில முகவரி இருக்கு, இந்தாங்க."

தகுஜி ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் மாலை, வழியில் வாங்கிய ஒரு பெட்டி பயற்றம் இனிப்போடு துறைமுகத்தில் இறங்கினார். கினுயோ கடைவாசலில் கம்பிவலைமேல் காயும் கணவாய் மீன்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவரைக் கண்டதும் கை நின்றது. தகுஜி தலை குனிந்தபடியே, நடந்தது முழுவதையும் சொன்னார். சொல்லச் சொல்ல, கினுயோ தெருவின் இரு புறமும் கண்ணோட்டினார்.

"சத்தத்தைக் குறைச்சுப் பேசுங்க! யாராவது கேட்டுடப் போறாங்க."

"கேக்கட்டுமே. தப்பு என்னோடது."

"உங்களோடது மட்டுமா?" கினுயோ கையிலிருந்த இடுக்கியை வைத்தார். "அந்தப் பாட்டிலைப் பிடிச்சுக் கொடுத்தது அடுத்த வீட்டு செகி அக்கா. மூணு தடவை கழுவி, இருட்டு பிரியறப்போ எழுந்து பிடிச்சாங்க. திரும்பி வந்ததும் தெருவே கூடி நின்னு, 'நம்ம தண்ணி கலந்துச்சா, நம்ம தண்ணி கலந்துச்சா'ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? கை கழுவ வச்சாங்கன்னா சொல்றது? 'நல்லா கலந்துச்சு'ன்னு சொல்லிட்டேன். அங்கேருந்து எடுத்து வந்ததா ஒரு பாட்டிலை வேற காட்டினேன். அது ஸ்டேஷன்ல பிடிச்ச தண்ணி. இந்த வருஷம், கடையில வேலை அதிகம், போக முடியலன்னு இன்னொரு பொய். ஒரு வருஷமா அந்த அக்கா முகத்தைப் பார்த்துப் பேச முடியல என்னால. நீங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து மன்னிப்புக் கேட்டுட்டு, பாரம் இறங்குச்சுன்னு ரயில் ஏறிடுவீங்க. நான்?"

தம் ஒரு கேலிப்பேச்சு இத்தனை தூரம் நடந்து வந்து, ஒரு நேர்மையான பெண்ணைப் பொய் சொல்ல வைத்திருப்பதை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. தம் ஊற்றைப் பற்றித் தாம் சொன்ன பொய்யைவிட இதுவே அவரைக் கூனிக் குறுக வைத்தது. இனிப்புப் பெட்டி கையில் அசிங்கமாகத் தொங்கியது.

"தெரு ஆளுங்க எல்லாரும் எப்போ ஒண்ணா கூடுவாங்க?" என்று கடைசியில் கேட்டார்.

கினுயோ இடுக்கியை மறுபடி எடுத்துக்கொண்டார். "காலையில ஆறரைக்கு. ரேடியோ உடற்பயிற்சிக்கு. ஏலக் கொட்டகை முன்னாடி" என்றார். "வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல."

காலையில் கொட்டகையின் முன் இருபதுபேர் ரப்பர் காலணிகளோடு நின்று, வானொலிக்கு ஏற்பக் கைகளை வீசிக்கொண்டிருந்தார்கள். தகுஜியும் கடைசி வரிசையில் நின்று கை வீசினார். அவருடைய தாளம் மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. பயிற்சி முடிந்து வருகை அட்டைகளில் முத்திரை குத்தத் தொடங்கியபோது அவர் முன்னால் போய் நின்றார்.

"நான் மலையில இருக்கிற இசுமிக்காரன். போன வருஷம் நீங்க அனுப்பின தண்ணியைத் தொட்டியில ஊத்த விடாம தடுத்தவன் நான்தான். கை கழுவ ஆகும்னு கேலி பண்ணி ஓரமா வைக்கச் சொன்னேன். நமிகாவா அம்மா உங்க மனசு நோகக் கூடாதுன்னு அதை உங்ககிட்ட சொல்லாம விட்டாங்க. அப்படி மறைக்க வேண்டிய நிலைமைக்கு அவங்களை ஆளாக்கினவனும் நான்தான்."

முத்திரை குத்திக்கொண்டிருந்தவரின் கை நடுவில் நின்றது.

"எங்க தண்ணியாலயா கை கழுவினீங்க?" என்றது ஒரு மெல்லிய குரல். தலைக்குத் துணி கட்டிய வயதான பெண்; செகி அக்கா என்று கேட்காமலே தெரிந்தது.

"ஆமாங்க. நானும் கழுவினேன்."

சொல்லிவிட்டுத் தகுஜி இடுப்பு வரை குனிந்தார். யாரும் எழச் சொல்லவில்லை, அவரும் எழவில்லை. மீன் செதில் ஒட்டிய ஈரத் தரை மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது ஒரு ஜோடி ரப்பர் காலணிகள் கூட்டத்திலிருந்து விலகி வந்து அவர் பக்கத்தில் நின்றன. கினுயோ தம் தெருக்காரர்களை நோக்கித் திரும்பினார்.

"செகி அக்கா, நான் காட்டின அந்தப் பாட்டில்..." என்று தொடங்கி, அவரும் குனிந்தார்.