கைப்பிடி வைத்த கம்ப்யூட்டர்

சோழவந்தான் ஸ்டேஷன் ரோட்டில் செல்லத்தாயின் கடைக்கு யாராவது வந்து, "இங்க கம்ப்யூட்டர் இருக்காமே?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் இல்ல, மேக்கின்டோஷ் இருக்கு" என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அவளைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு. ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பேர் வாயில் நுழையாது. "ஆப்பிள்" என்றும் "பழக்கடை மிஷின்" என்றும் சொல்வார்கள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடை போர்டில் தன் பெயரைச் சின்னதாகவும் மேக்கின்டோஷ் என்பதைப் பெரிதாகவும் எழுதச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பற்றுக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த தைரியத்தில், மதுரை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். கருப்புத் திரையில் பச்சை எழுத்து மினுங்கும். ஒவ்வொரு வேலைக்கும் இங்கிலீஷில் ஒரு கட்டளையை மனப்பாடம் செய்து அடிக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் 'பேட் கமாண்ட்' என்று வரும். மூன்று வாரம் அப்படித் திட்டு வாங்கிவிட்டு நின்றுவிட்டாள். தனக்குப் புத்தி பத்தாது என்றுதான் நினைத்தாள்.

அடுத்த வருடம் கோச்சடையில், வைகைப் பாசனக் கண்மாய்களைப் பற்றி ஆராய வந்த வெளிநாட்டுக்காரர்களின் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அங்கே மேஜை மேல், ஒரு சிறிய டிரங்குப் பெட்டி உயரத்தில், திரையும் மிஷினும் ஒன்றாகவே வைத்துச் செய்த மேக்கின்டோஷ் கிளாசிக் இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் திரையில் ஒரு குட்டிப் பெட்டியின் படம் வந்து சிரித்தது. காகிதம் வேண்டுமா, காகிதப் படத்தைத் தொடு. கிழித்துப் போட வேண்டுமா, குப்பைத் தொட்டிக்குள் இழுத்துப் போடு. தமிழ் எழுத்தும் அவளுக்குப் பழகிய டைப்ரைட்டர் வரிசையிலேயே இருந்தது. முதல் நாள் சாயங்காலத்துக்குள் நான்கு பக்கம் அடித்துவிட்டாள். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். புத்தி பத்தாமல் இல்லை என்பது தெரிந்துபோயிருந்தது.

மூன்று வருடம் கழித்து ஆராய்ச்சி முடிந்து அவர்கள் கிளம்பியபோது, "போனஸ் பணமா, பீரோவா, என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். செல்லத்தாய் மேஜையைக் காட்டினாள். மிஷினையும் அதோடு சேர்ந்த சின்ன லேசர் பிரிண்டரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். புருஷன் அழகுபாண்டிக்குக் கொடிக்கால் விவசாயம். வெற்றிலை கட்டுகிற கையோடு கடைக்குச் சுவர் பூசிக் கொடுத்தான்.

1994-ம் வருடம் மார்ச் மாதம் விருமாண்டி வாத்தியார் அந்தக் கடைக்கு வந்தார். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஒரு கைடு எழுதியிருந்தார். அதைப் போட ஒப்புக்கொண்டவர் மதுரை மேல ஆவணி மூல வீதியில் புத்தகக் கம்பெனி வைத்திருந்த ஜனகராஜ். அவர் புதிதாக ஒரு பி.சி. வாங்கி, தன் மகள் இந்துப்ரியாவை அதில் உட்கார வைத்திருந்தார். அவள் பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வாங்கியவள். ஆனால் வட்டம், முக்கோணம், அவற்றுக்கு நடுவில் தமிழ் வாசகம் என்று வரும்போது ஒன்று சரியானால் மற்றொன்று நகர்ந்துவிடுகிறது என்று வாத்தியார் அலுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தேற்றத்தக் குடுங்க சார்" என்றாள் செல்லத்தாய்.

மறுநாள் வாத்தியார் கையில் மூன்று பக்கம் இருந்தது. வட்டம் வட்டமாக இருந்தது, தொடுகோடு சரியாகத் தொட்ட இடத்தில் நின்றது, தமிழ் எழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். முதல் பாடம் முழுவதையும் கொடுத்து, நான்கு நாளில் அது அடித்து முடிந்ததும், அந்தப் பக்கங்களையும் பாடம் இருந்த ஒரு ஃபிளாப்பியையும் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்.

ஜனகராஜுக்கு அச்சு பிடித்துவிட்டது. ஃபிளாப்பியை மகளிடம் கொடுத்து மிஷினில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். இந்துப்ரியா அதைச் சொருகினாள். 'இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?' என்று பி.சி. கேட்டது. புது டிஸ்க்கைத்தான் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போல என்று நினைத்து, சரி என்று அழுத்தினாள். இரண்டு நிமிடத்தில் பாடம் முழுவதும் காலியானது.

வாத்தியார் முகம் வெளுத்துப்போய் சோழவந்தானுக்கு வந்து சொன்னபோது செல்லத்தாய் அசரவில்லை.

"இங்க ஒரு காப்பி இருக்கு சார். அவங்க பி.சி.க்கு நம்ம டிஸ்க்க வாசிக்கத் தெரியாது. அதான் காலி டிஸ்க்குனு நெனச்சுருச்சு."

"ஜனகராஜ் தன் கண்ணால பாக்கணும்ங்கிறாரு. தன் ஆபீஸ்லயே திருத்தம் போடணுமாம். இல்லாட்டி வேலைய வேற எடத்துக்குக் குடுத்துருவேங்கிறாரு."

செல்லத்தாய் ஒரு நொடி யோசித்தாள். "அம்புட்டுத்தானே. நாளைக்கு மிஷினோட வாரேன்னு சொல்லுங்க."

மேக்கின்டோஷ் கிளாசிக்கின் தலையில் ஒரு கைப்பிடி பள்ளமாக அமைந்திருக்கும். எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அழகுபாண்டிக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏ புள்ள, மேலக்கால் ரோடு கெடக்குற கெடையில பஸ்ல கொண்டு போனா என்னத்துக்காகும்? வாடகைக்கு வண்டி பிடிக்கிறேன்."

"மடியில வச்சுக்குவேன். நீங்க பிரிண்டரையும் கீபோர்டையும் பிடிச்சுக்கங்க, போதும்."

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பழைய பட்டு வேட்டியில் சுற்றிய மிஷின் மடியில் இருந்தது. கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, டீவியா?"

"மேக்கின்டோஷ்."

"மருந்தடிக்கிற மிஷினா? லக்கேஜ் போடணும்."

"லக்கேஜ்னா கீழ வைக்கணும். இது மடியில இருக்கு. பிள்ளைக்குப் போடுற மாதிரி அரை டிக்கெட் வேணா போடு."

கண்டக்டர் சிரித்துவிட்டு நகர்ந்தான். மேலக்கால் தாண்டியதும் ரோடு தன் குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் மிஷினைத் தூக்கிப் பிடித்தாள். கோச்சடை வருவதற்குள் இரண்டு கையும் மரத்துப்போனது. இருந்தும் ஒரு பள்ளம் அவளை ஏமாற்றிவிட்டது. பஸ் எம்பிக் குதித்ததில் மிஷினின் அடிப்பாகம் முன் சீட்டுக் கம்பியில் இடித்தது.

ஜனகராஜின் ஆபீஸில் மேஜையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். வாத்தியார் சிவப்பு மைப் பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார். இந்துப்ரியா ஓரமாகத் தன் பி.சி.க்குப் பக்கத்தில் நின்றாள். ஃபிளாப்பியை அழித்த கூச்சம் அவள் முகத்தில் இருந்தது. செல்லத்தாய் வயர்களை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

திரையில் வந்த குட்டிப் பெட்டி சிரிக்கவில்லை. கண்ணுக்குப் பதில் இரண்டு பெருக்கல் குறி, வாய் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அடியில் என்னவோ எண்கள்.

செல்லத்தாய் அந்த முகத்தை இதற்கு முன் நேரில் பார்த்ததே இல்லை. ஆராய்ச்சி ஆபீஸ் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. அணைத்துப் போட்டாள். அதே அழுமூஞ்சி. அழகுபாண்டி தரையைப் பார்த்தான். ஜனகராஜ் மகளிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். அந்தப் பாஷை தெரியாவிட்டாலும், அதன் அர்த்தம் செல்லத்தாய்க்குத் தெரிந்தது.

இந்துப்ரியா அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் கிட்டே வந்தாள்.

"அக்கா, பஸ்ல கொண்டாந்தீங்களா?"

"ஆமா."

"எங்க மிஷின்ல மெமரி கார்டு லூசானா ஆன் பண்ணதும் பீப் பீப்னு கத்தும். உங்களுது கத்துறதுக்குப் பதிலா அழுகுது போல. தொறக்க முடியுமா?"

செல்லத்தாய் நிமிர்ந்தாள். அதை அவளே யோசித்திருக்க வேண்டும். கைப்பையிலிருந்து முழ நீளத் திருப்புளி ஒன்றை எடுத்தாள். நுனி நட்சத்திரம் போல் இருக்கும். கைப்பிடிப் பள்ளத்தின் ஆழத்தில் இருக்கும் இரண்டு திருகாணிகளுக்கு வேறு எதுவும் எட்டாது. மிஷினோடு சேர்த்து அதையும் ஆபீஸ்காரர்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கி, மிஷினை வேட்டி மேல் முகம் குப்புறப் படுக்க வைத்தாள். திருகாணிகளைக் கழற்றி முதுகு மூடியைத் தூக்கியதும் இந்துப்ரியா கையை நீட்டினாள்.

"இரு தாயி. அந்த டியூப் பக்கம் போகாத. கரண்ட்டப் பிடுங்குனாலும் அதுல மிச்சம் நிக்கும். கொஞ்ச நேரம் போகட்டும்."

பத்து நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு செல்லத்தாய் அடிப்பலகையைப் பதமாக வெளியே இழுத்தாள். இரண்டு தலைகளும் அதன் மேல் குனிந்தன. அதில் செங்குத்தாக நின்ற சின்ன அட்டை ஒரு பக்கம் எழும்பியிருந்தது.

"இது எங்களுதுல இருக்கிற மாதிரிதான்க்கா இருக்கு" என்றாள் இந்துப்ரியா.

செல்லத்தாய் அட்டையைக் கழற்றி, முனையை அழிரப்பரால் தேய்த்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினாள். மூடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டியதும் மிஷின் மணி அடித்தது. பெட்டி சிரித்தது. அழகுபாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு டீ சாப்பிட்டு வாரேன்" என்று வெளியே போனான்.

அதன்பிறகு வேலை தடையில்லாமல் நடந்தது. வாத்தியார் சிவப்பு மையில் திருத்தம் போடப் போட, செல்லத்தாய் புள்ளியை நகர்த்தினாள், கோட்டை நீட்டினாள், தேற்றத்தின் வாசகத்தை இரண்டு வரியிலிருந்து மூன்று வரிக்கு மடித்தாள். படம் இருந்த இடத்தில் இருந்தது. மத்தியானத்துக்குள் முதல் பாடம் முழுவதும் பிரிண்டரிலிருந்து வந்து விழுந்துவிட்டது. ஜனகராஜ் ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"திரை ரொம்பச் சின்னது. கலரும் இல்லையேக்கா" என்றாள் இந்துப்ரியா.

"கைடு கருப்பு வெள்ளைதானே."

"விண்டோஸ்லயும் மவுஸ் இருக்கு. படத்தத் தொட்டா தொறக்கும்."

"இருக்கட்டும். எங்காளு அத எம்புட்டு வருசத்துக்கு முந்தியே செஞ்சாச்சு."

இருவரும் சிரித்தார்கள். ஜனகராஜும் தாளுக்குப் பின்னால் சிரித்தார்.

மிஷினை மறுபடி அந்த ரோட்டில் கொண்டு போக செல்லத்தாய்க்கு மனம் வரவில்லை. வேலை முடியும்வரை அங்கேயே விட்டுவிட்டு, தான் மட்டும் தினமும் வந்து போவதாக ஏற்பாடு செய்தாள். முதல் நாள் சாயங்காலம் கிளம்பும்போது வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"இந்து, துணி போட்டு மூடி வைப்பியா? யாரையும் தொட விடாத."

"நான் பாத்துக்கிறேன்க்கா. மேஜையோட சேத்துப் பூட்டி, சாவிய உங்ககிட்டயே குடுத்துடுறேன்."

சாவி இல்லாத மேஜை அது. தமாஷுக்குச் சொன்னாள் என்று புரிந்து செல்லத்தாய் கிளம்பினாள்.

பதினாறு நாளில் கைடு முடிந்து, மிஷினும் கடைக்குத் திரும்பியது. பள்ளி திறக்கிற சமயத்தில் புத்தகம் வந்தது. மதுரையில் மட்டுமில்லாமல் தேனி, திண்டுக்கல் கடைகளிலிருந்தும் ஆட்கள் வந்து கட்டுக் கட்டாக வாங்கிப் போனார்கள். முதல் பக்கத்தின் அடியில் 'ஒளியச்சு: செல்லத்தாய், சோழவந்தான்' என்று இருந்தது. அழகுபாண்டி கொடிக்காலுக்கு வந்த வியாபாரிகளிடமெல்லாம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினான்.

ஆகஸ்டில் ஜனகராஜ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை பிளஸ் டூ கணக்கு.

"ஏம்மா, ஒரு யோசனை சொல்றேன். ஒனக்குப் புதுசா ஒரு பி.சி. வாங்கித் தாரேன். காசு வேண்டாம். எல்லாத்தையும் அதுல பண்ணு. நாளைக்கு ஃபைல் எங்ககிட்ட இருந்தா எங்களுக்கும் சௌகரியம். ஊரே அந்தப் பக்கம்தான் போய்க்கிட்டிருக்கு."

"ஊரு போகட்டும்ணே. எனக்கு மேக்கின்டோஷ்லதான் கை ஓடும். நீங்க மிஷின் வாங்குறதா இருந்தா அதையே ஒண்ணு வாங்குங்க. இந்துக்கு நானே சொல்லித் தாரேன்."

"இது என்னம்மா பிடிவாதம்."

"பிடிவாதம்தான்ணே" என்றாள் அவள், கோபமில்லாமல்.

ஜனகராஜுக்கு முகம் சுண்டிப்போனது. பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது, சொன்னதில் ஏதாவது தப்பா என்று நினைத்துப் பார்த்தாள். தப்பாகத் தெரியவில்லை. வீட்டில் சொன்னபோது அழகுபாண்டி, "போனா போகட்டும், கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் வந்துக்கிட்டுத்தானே இருக்கு" என்றான்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடை வாசலில் இந்துப்ரியா வந்து இறங்கினாள். கையில் ஒரு கட்டுக் கையெழுத்துப் பிரதி.

"அப்பா என்னையப் பண்ணச் சொன்னாங்க. ரெண்டு வாரம் மல்லுக்கட்டுனேன். முதல் பாடமே முடியல. பண்ண முடியாதுன்னு இல்லக்கா, பண்ணிடலாம். ஆனா பொங்கலாயிடும்."

"அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கல. சரின்னு மட்டும் சொன்னாங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேக்கின்டோஷைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணு ஒத்துக்கங்க. எங்களுது வேகம் கூட."

செல்லத்தாய் அவள் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டாள்.

"வேகம் கூடத்தான்" என்றாள். "சேரை இழுத்துப் போட்டு இப்பிடி ஒக்காரு. மவுஸ நீ பிடி, நான் வாசிக்கிறேன்."

கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்தாள். தொகையீடு, பயிற்சி ஒன்று, கணக்கு ஒன்று என்று வாசிக்க ஆரம்பித்தாள்.