கால் தெரியாத படம்

பரந்தன் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் பிரதாபனுக்கு ஓடுகிற ஆட்களைப் படமெடுக்கத்தான் ஆசை. பிழைப்பு என்னவோ நிற்கிற ஆட்களால்தான் நடந்தது. பூப்படைந்த சாமத்தியவீட்டுப் பிள்ளையை மூன்று மணித்தியாலம் அசையவிடாமல் நிறுத்திவைத்து எடுக்கிறவன், ஒருநாள் போனில் ஒரு படத்தைக் கண்டான். ஓட்டக்காரனின் முகம் தெளிவாக இருந்தது. பின்னால் நின்ற சனம் முழுக்க இழுத்துவிட்ட கோடுகளாகக் கிடந்தது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஏ-ஒன்பது வீதியோரம் நின்று பஸ், உழவு இயந்திரம், சைக்கிள் என்று போகிற வருகிறதையெல்லாம் ஆறு மாதம் எடுத்துப் பழகினான். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காத ஆள் அந்தச் சந்தியில் இல்லை.

ஷட்டரை ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். வெளிச்சம் அள்ளிக் கொட்டாமல் லென்ஸின் துவாரத்தைக் குறுக்க வேண்டும். கால் இரண்டையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் ஓடுகிறவரோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பொத்தானை அமத்திய பிறகும் நிறுத்தாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது எடுத்தால் ஒன்று தேறும். அந்த ஒன்றிலும் முகம்தான் நிற்கும்; கால்கள் புகையாய்ப் போய்விடும்.

தை மாதம் ஒரு பாடசாலையின் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் ஒழுங்கான ஆள் மாதிரி ஷட்டரை ஆயிரத்தில் ஒன்றில் வைத்துக்கொண்டு, நீளம் பாய்கிறவர்களை அந்தரத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்துக்குச் சற்று முன்னால், மைதானத்து ஓரத்தில் ஒரு பிள்ளை குந்தியிருந்து ஊதா நிறப் புதுச் சப்பாத்தைக் கழற்றுவதைக் கண்டு அதையும் எடுத்தான். பிள்ளை நிமிர்ந்து சிரித்தது. குதிக்காலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

முரசுமோட்டைப் பிள்ளை, பெயர் தேனுகா. வீட்டில் அவளும் தாயும் மட்டும். தாய் ஜெகதீஸ்வரிக்கு ஆனையிறவு உப்பளத்தில் வேலை. உப்பு அவளுடைய பாதங்களை வெடிக்க வைத்திருந்தது. தன் பிள்ளை வெறுங்காலோடு ஓடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவள், மகள் நித்திரையாய்க் கிடக்கும்போது ஓர் ஓலை ஈர்க்கை வைத்து அவள் பாதத்தை அளந்து, அளவுக்கு முறித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வாங்கக் கைகூடியது எட்டு மாதம் கழித்து. அதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிட்டது, ஈர்க்கு வளரவில்லை. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வருவதும் மைதானத்தில் கழற்றுவதும் தேனுகாவின் வழக்கமாகிவிட்டது. இதையெல்லாம் அவள் ஏதோ பகிடி சொல்வதுபோல்தான் சொன்னாள். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது.

“அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணா. ஓடேக்க என்ர கால் தெரியாமப் படம் எடுக்கேலுமோ?”

கேட்டதும் கேட்டாள், ஆளறிந்து கேட்டாள். இரண்டுக்கும் தலையாட்டிய பிரதாபனுக்குத் தலைகால் புரியவில்லை. மேகம் மூடிய பின்னேரம். வெளிச்சமும் அவன் பக்கம்தான் நின்றது. ஷட்டரை முப்பதுக்கு இறக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அவளோடு சேர்ந்து திரும்பித் திரும்பி எடுத்தான். ஒன்று தேறியது. பின்னால் சவுக்கு மரங்களும் இல்லக் கொடிகளும் கோடுகளாய் ஓட, நடுவில் தேனுகாவின் முகம் ஒரு மயிரிழைகூட அசையாமல் நின்றது. கால்கள் இருந்த இடத்தில் இரண்டு வீச்சு மட்டுமே தெரிந்தது. அவள் முதலாவதாய் வந்தாள். அவன் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தானே தவிர, குதிக்கால் புண்ணைப் பற்றி ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை.

மாரித் தண்ணீர் இன்னும் வற்றாத காலம். பிள்ளை தினமும் வயல் வரம்பாலும் வாய்க்காலாலும் நடந்துதான் வீட்டுக்குப் போகும். பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தேனுகா செத்துப்போனாள். எலிக்காய்ச்சல், வயல் தண்ணீரில் இருக்கிற கிருமி, காலில் புண் இருந்தால் அதற்குள்ளால் ஏறிவிடுமாம் என்று செத்தவீட்டில் கதைத்தார்கள். பிரதாபன் அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. ஒரு பிளாஸ்டர் ஒட்டச் சொல்லியிருக்கலாம். ரீச்சரிடம் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். அந்தப் புண்ணை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாகப் பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். பார்த்தவன் படத்தை எடுத்துவிட்டுப் போய்விட்டான்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒரு கிழமை இருக்க, காலைப் பஸ்ஸில் ஜெகதீஸ்வரி ஸ்ரூடியோவுக்கு வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள். மகள் ஓடுவதைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை, உப்பளத்தில் லீவு கிடைக்கவில்லை, மாலை போட்டு வைக்க ஓடுகிற படம்தான் வேண்டும் என்றாள். இருக்கிற எல்லாவற்றையும் காட்டச் சொன்னாள்.

அவன் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பி, சப்பாத்துக் கழற்றுகிற படத்தை வேறிடத்தில் ஒளித்தான். அழிக்க மனம் வரவில்லை. அந்தச் சிரிப்பு வேறெதிலும் இல்லை. பிறகு தேறிய அந்தப் படத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான்.

ஜெகதீஸ்வரி வெகுநேரம் மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளுடைய கண் கீழே இறங்கியது. உப்பு அரித்த விரலால் அந்த இரண்டு வீச்சையும் தடவினாள்.

“கால் தெரியேல்லையே, தம்பி.”

வேகமாக ஓடினால் கால் அப்படித்தான் விழும் என்று தொடங்கி ஷட்டர், துவாரம், இடுப்பைத் திருப்புவது என்று தேவைக்கு மேலே விளக்கினான் பிரதாபன். அவன் ஓய்ந்ததும் கைப்பையைத் திறந்து ஈர்க்குத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டினது நான்தான். அப்பதான் குதியைக் கண்டனான். பிறகு இதை வைச்சுப் பாத்தனான், ஒரு விரல் அகலம் கட்டையாக் கிடந்தது. நீங்கள் அண்டைக்கு அங்க நிண்டனீங்கள், அதுதான் கேக்கிறன். சப்பாத்தோடயோ ஓடினவள்? அதுக்குள்ள கால் கொண்டதோ?”

அவள் அங்கே படம் வாங்க மட்டும் வரவில்லை. தான் ஆசையாய் வாங்கிக் கொடுத்ததுதான் தன் பிள்ளையைக் கொண்டுபோனதா என்று கேட்க வந்திருக்கிறாள். அது பிரதாபனுக்கு நன்றாக விளங்கியது. செத்த பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு ஒன்றும் அவனிடம் இருந்தது. அவன் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“பிள்ளை போட்டுக்கொண்டுதான் ஓடினது, அக்கா. நல்லாக் கொண்டது எண்டுதான் சொன்னது.”

வெளியே யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஜெகதீஸ்வரி ஈர்க்கை எடுத்து மறுபடி கைப்பைக்குள் வைத்தாள்.

“அவளும் இப்பிடித்தான் சொன்னவள், தம்பி. என்ர முகத்தைப் பாக்காம.”

பிறகு, இந்தப் படத்தையே பெரிதாக அடித்துத் தரச் சொன்னாள். கால் தெரியாமலே இருக்கட்டும் என்றாள்.